கேட்பவரைக் கேட்பவர்

ரப்பர் மரத்தில் கோடு வெட்டிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்த பிறகு, பின்னாலேயே ஓர் ஆள் வருவார். கத்தி பட்டையோடு நின்றதா, உள்ளே இறங்கி மரத்தைக் கீறிவிட்டதா என்று குனிந்து பார்ப்பார். கீறல் பட்ட இடத்தில் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும். பிறகு அங்கே கத்தி ஓடாது. காயம் அவர் கண்ணில் பட்டால் வசவு நம் காதில் விழும். பேராக் தோட்டங்களில் அந்த ஆளுக்குக் கங்காணி என்று பெயர், பிற்பாடு மண்டோர். கண்காணி என்ற நல்ல தமிழ்ச் சொல்தான் வாயில் தேய்ந்து கங்காணி ஆகி, வசவின் வாடையையும் ஏற்றிக்கொண்டது.

இங்கே சொல்ல வந்தது வேறொரு கண்காணிப்பின் கதை. உளவியலாளரும் மனநல ஆலோசகரும் நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தைக் கேட்கிறார்கள். கேட்டதை எங்கே கொண்டுபோய் இறக்குவது? வீட்டில் பேச முடியாது, ரகசியம். நண்பர்களிடம் சொல்ல முடியாது, அதே காரணம். அதனால் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு மணி நேரம், தொழிலில் பழுத்த ஒருவர் முன்னால் உட்கார்கிறார்கள். வந்தவர் இப்படிச் சொன்னார், நான் இப்படிப் பதில் சொன்னேன், அது சரிதானா, அந்த நிமிடத்தில் எனக்கு ஏன் எரிச்சல் வந்தது என்று பெயர் மறைத்துப் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் சூப்பர்விஷன், மலாயில் பென்யெலியான். ஈப்போவில் வேலை பார்க்கிறவர்கள் சூப்பர்விஷன் என்றே சொல்லிப் போவார்கள். ஏட்டுத் தமிழில் மேற்பார்வை. மேலே இருந்து பார்ப்பது! தோட்டத்து ரத்தம் ஓடுகிறவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முதுகு கூசும். பொருள் நல்ல பொருள்தான், பெயர் ராசிதான் சரியில்லை.

பிறந்தபோது இட்ட பெயர் இதைவிட மோசம். 1920 பிப்ரவரியில் பெர்லினின் போட்ஸ்டாமர் தெருவில் ஓர் இலவச மனநல மருத்துவகம் திறக்கப்பட்டது. அதன் செலவை ஏற்றவர் மாக்ஸ் ஐட்டிங்கோன், மென்மயிர்த் தோல் வணிகத்தில் பணம் சேர்த்த குடும்பத்துப் பிள்ளை, ஃபிராய்டின் சீடர். அதுவரை மனப்பகுப்பாய்வு குருவிடம் பேசிப் பேசிக் கற்கும் வித்தையாக இருந்தது. 1902-லிருந்து வியன்னாவில் ஃபிராய்டு வீட்டில் புதன்கிழமை இரவுகளில் கூடுவார்கள், சுருட்டுப் புகைக்கு நடுவே நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள், கலைவார்கள். பெர்லினில் நிலைமை வேறு. முதல் உலகப்போரில் நொறுங்கிய நகரம். காசில்லாதவர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களைப் பார்த்தவர்களில் பலர் கற்றுக்குட்டிகள். ஏழைகளை வைத்துக் கத்தி பழகுவதா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? ஐட்டிங்கோன் ஒரு விதி செய்தார். மாணவர் தம் மனதைத் தாம் ஒருவரிடம் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும், பாடம் கேட்க வேண்டும், அத்தோடு தாம் பார்க்கும் நோயாளிகளைப் பற்றி ஒரு மூத்தவரிடம் தொடர்ந்து அறிக்கை சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு ஜெர்மன் மொழியில் வைத்த பெயரில் 'கொன்ட்ரோல்' என்ற சொல் இருந்தது. கட்டுப்பாடு, சோதனை. 1925-இல் பாட் ஹோம்பர்க் நகரில் கூடிய மாநாட்டில் இதையே எல்லா நாடுகளுக்கும் பொது விதியாக்க ஒரு குழு அமைந்தது. தலைவர் ஐட்டிங்கோன்.

புடாபெஸ்ட்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. மாணவரின் மனதை ஆராய்கிறவர் ஒருவர், மாணவரின் வேலையைப் பார்க்கிறவர் இன்னொருவர் என்று பெர்லின் பிரித்து வைத்தது. ஹங்கேரியில் வில்மா கோவாச் அம்மையார் இரண்டையும் ஒருவரே செய்யட்டும் என்றார். நோயாளி முன்னால் மாணவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால் அதன் வேர் மாணவரின் சொந்த வாழ்க்கையில்தான் இருக்கும், அந்த வாழ்க்கையை அறிந்தவருக்கே அது புலப்படும் என்பது அவர் கட்சி. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. மேற்பார்வையாளர் எதைப் பார்க்க வேண்டும், வேலையையா ஆளையா? நூறு வருடமாக இந்த அறைக்குள் நடக்கும் சண்டை இதுதான்.

1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். ஐட்டிங்கோன் எருசலேமுக்குப் போனார். அவரிடம் பயின்றவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் லண்டன், சிகாகோ, நியூயார்க் என்று சிதறினார்கள். பெட்டியில் துணிமணியோடு இந்த வழக்கத்தையும் எடுத்துப் போனார்கள். புடாபெஸ்ட்டிலிருந்து 1939-இல் இங்கிலாந்தில் இறங்கியவர்களில் ஒருவர் மைக்கேல் பாலிண்ட். வில்மா கோவாச்சின் மருமகன். மாமியாரின் வழக்கை மருமகன் வேறு மன்றத்துக்குக் கொண்டுபோனார். 1950-களில் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவகத்தில் மனநல மருத்துவர்களை விட்டுவிட்டுச் சாதாரணக் குடும்ப மருத்துவர்களை வட்டமாக உட்கார வைத்தார். தலைவலி, முதுகுவலி என்று திரும்பத் திரும்ப வந்து உங்களைச் சோர வைக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். குறிப்பேடு பார்க்காமல் சொல்ல வேண்டும். மருந்துப் பட்டியலை யாரும் கேட்க மாட்டார்கள், அந்த நோயாளி கதவைத் திறந்ததும் உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பார்கள். இந்தப் பேச்சுகளிலிருந்து 1957-இல் வந்த அவருடைய நூல், மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளில் மருத்துவரும் ஒரு மருந்து என்றது. பாலிண்ட் குழு என்ற பெயரில் இது இன்னும் பல நாடுகளில் நடக்கிறது.

பாலிண்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோட்டத்து டிரெஸ்ஸர் நினைவுக்கு வருவார். லயத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அவரிடம்தான் ஓட வேண்டும். காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவம், புருஷன் அடித்தது, பிள்ளை பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது. நீல நிற மருந்துத் தண்ணீரோ வெள்ளை மாத்திரையோ கொடுத்து அனுப்புவார். எத்தனை ரகசியம் அந்த மனிதருக்குள் இறங்கியிருக்கும்! துரை அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வரவில்லை?

அட்லாண்டிக்கின் மறுகரையில் கதை எந்திரத்தின் பக்கம் திரும்பியது. மாணவர் வந்து சொல்வதை எப்படி நம்புவது? மறந்துவிடுவார், பூசி மெழுகுவார், பொய்யே சொல்ல வேண்டாம், தம்மைத் தாமே நல்லவராக நினைத்துக்கொண்டு பேசினாலே போதும். 1940-இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்த கார்ல் ரோஜர்ஸ் ஆலோசனை அறைக்குள் இசைத்தட்டுப் பதிவுக் கருவியை வைத்தார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டு மாற்ற வேண்டும். அத்தனை பாடுபட்டுப் பதிந்து, ஒருவருடைய சிகிச்சை முழுவதையும் ஒரு சொல் விடாமல் 1942-இல் நூலாக அச்சிட்டார். ஓடவிட்டுக் கேட்டபோது ஆலோசகர்களுக்கே அதிர்ச்சி. வழிகாட்டாமல் கேட்கிறோம் என்று நம்பியிருந்தவர்கள் பாதி நேரம் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று கைப்பேசி போதும். வந்தவரின் சம்மதம் மட்டும் எழுத்தில் வேண்டும்.

இந்தத் துறை கண்டுபிடித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1955-இல் ஹெரால்ட் சர்ல்ஸ் கவனித்தது. மூன்று வருடம் கழித்து ருடால்ஃப் எக்ஸ்டைனும் ராபர்ட் வாலர்ஸ்டைனும் எழுதிய நூல் அதைப் பரவலாக்கியது. நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையில் நடப்பது, சிகிச்சையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையில் அப்படியே திரும்ப நடக்குமாம். என்ன சொன்னாலும் 'ஆனா அது சரிப்படாது' என்று தட்டிக்கழிக்கும் ஒருவரைப் பற்றிப் பேச வந்த ஆலோசகர், மேற்பார்வையாளர் சொல்வதையெல்லாம் 'ஆனா அது சரிப்படாது' என்று தட்டிக்கழிப்பார். தமக்கே தெரியாது. மூத்தவர் கோபப்படாமல், 'நாம இப்ப பேசிக்கிட்டிருக்கிறது மாதிரிதான் அங்கேயும் நடக்குதா?' என்று கேட்டால் அறையில் விளக்கெரியும். மாமியார் மருமகள் சண்டையைத் தீர்க்கப் போன பஞ்சாயத்துக்காரர்கள் தங்களுக்குள் மாமியார் கட்சி, மருமகள் கட்சி என்று பிரிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இனி பேராக். வெளியிலிருந்து வந்து வேர் விடும் பொருள்களுக்கு இந்த மண் பழகியதுதான். பிரேசிலில் எடுத்த விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-இல் ஒன்பது ரப்பர் கன்றுகளாகக் கோல கங்சாரில் ரெசிடெண்ட் ஹியூ லோ வீட்டு வளாகத்தில் ஊன்றப்பட்டது. அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. மரம் வந்து கொஞ்ச காலத்துக்கு அதை எப்படி வெட்டுவது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி, பழைய கோட்டையே மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பத் திறக்கலாம், மரம் சாகாது என்று காட்டிய பிறகுதான் தோட்டங்கள் பெருகின, நம் ஆட்களும் கப்பல் கப்பலாக வந்தார்கள். அவர்களை அழைத்து வந்த கங்காணிக்கு, தன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்குக் காசு. கண்காணிப்பு என்றால் தலை எண்ணுவது என்று ஆனது இப்படித்தான். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்பத் தடை போட்டதும் அந்த ஏற்பாடு முடிந்தது. பழக்கம் முடிந்ததா என்பது வேறு கேள்வி.

ஈப்போவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் மனநலக் காப்பகம் திறந்தார்கள். மலேசியாவில் எந்த இனத்தவரைக் கேட்டாலும் அந்த ஊர்ப் பெயர் ஒரு வசவு. 'தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்' என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லும். ஒரு காலத்தில் அங்கே 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் மேற்பார்வை என்றால் எண்ணிக்கைதான்: காலையில் தலை எத்தனை, இரவில் தலை எத்தனை, சாவி யாரிடம். 1971-இல் அதற்கு உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயரை மாற்றினால் வசவு போய்விடும் என்று நினைத்தார்கள், போகவில்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1998-இல் ஆலோசகர் சட்டம் வந்து, பதிவு இல்லாமல் யாரும் ஆலோசகர் என்று பலகை மாட்டக் கூடாது என்றானது. 1952-ஆம் ஆண்டின் மனநோய்ச் சட்டத்துக்குப் பதிலாக 2001-இல் இயற்றிய மனநலச் சட்டம் 2010-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மருத்துவ உளவியலாளர்களைப் பதிவுக்குள் கொண்டுவரும் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு 2020-இல் அமலானது. படிக்கும் காலத்தில் மேற்பார்வையில் வேலை செய்த மணிக்கணக்கு இல்லாமல் இவர்கள் யாரும் தொழிலுக்குள் வர முடியாது. பெர்லினில் ஐட்டிங்கோன் போட்ட மூன்றாவது விதி இப்படியாக நம் ஊர்க் கையேட்டில் ஏறிவிட்டது. பட்டம் வாங்கிய பிறகுதான் சிக்கல். பல இடங்களில் மேற்பார்வை அதோடு நின்றுபோகிறது, அல்லது துறைத்தலைவர் வந்து இந்த மாதம் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று கேட்பதே மேற்பார்வையாகிவிடுகிறது. மறுபடியும் தலைக்காசு.

வேலைச் சுமை குறைந்தபாடில்லை. தேசிய சுகாதார ஆய்வின்படி மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6 விழுக்காடு, ஏறக்குறைய பத்து லட்சம் பேர். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல்தான் நீங்கியது. அதுவரை 'செத்துரலாம்னு போனேன்' என்று ஒருவர் வாய் திறந்தால், கேட்டுக்கொண்டிருந்த ஆலோசகரின் நினைவில் நோய் ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம். அப்படிப்பட்ட இரவில் தொலைபேசியில் அழைக்க ஒரு மூத்தவர் இல்லையென்றால் அந்த ஆலோசகர் எப்படித் தூங்குவார்?

மூத்தவர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1969-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓர் இந்திய மாணவர் தம் உளவியலாளரிடம், தம்மை மறுத்த பெண்ணைக் கொல்லப் போவதாகச் சொன்னார். உளவியலாளர் பயந்து வளாகப் போலீசுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் விசாரித்து விட்டுவிட்டார்கள். மனநலப் பிரிவின் தலைவரோ கடிதத்தைத் திரும்ப வாங்கி, குறிப்புகளையும் அழிக்கச் சொன்னார். அந்தப் பெண், டாட்டியானா டாரசாஃப், கொல்லப்பட்டார். பெற்றோர் தொடுத்த வழக்கில் 1976-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்றது. உலகெங்கும் மாணவர்கள் இந்தத் தீர்ப்பை ரகசியக் காப்பின் எல்லைக்கு உதாரணமாகப் படிக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது இன்னொன்று: கீழே இருந்தவர் பார்த்ததை மேலே இருந்தவர் பார்க்க மறுத்தார். மேற்பார்வை கங்காணித்தனமாகும் போது நடப்பது அது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் மொழி. புந்தோங்கிலிருந்தோ சிலிபினிலிருந்தோ ஓர் அம்மா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறந்த தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். இப்போது அங்கே பாதி செம்பனை, பாதி தாமான். 'நெஞ்சுல யாரோ கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. முனியாண்டிக்குப் பண்ண வேண்டியதப் பண்ணாம வந்துட்டோம்ல, அதான்' என்கிறார். ஆலோசகர் தமிழ்ப்பெண், புரிந்துவிடுகிறது. குறிப்பு எழுதுவது மலாயிலோ ஆங்கிலத்திலோ. மேற்பார்வை அறைக்குப் போய்ச் சேரும்போது அந்த வாக்கியம் 'நெஞ்சு இறுக்கம், தெய்வ தண்டனை பற்றிய நம்பிக்கை' என்று சுருங்கியிருக்கும். மூத்தவருக்கு முனியாண்டியைத் தெரியாது. இது பிரமையா என்று கேட்பார். ஒரு மணி நேரத்தில் அரை மணி முனியாண்டிக்கே போய்விடும்; அந்த அம்மா ஓரமாக நிற்பார்.

அப்படியானால் தமிழ் மேற்பார்வையாளர் கிடைத்தால் தீர்ந்ததா? அவர் 'ஆமா, தெரியும் தெரியும்' என்று தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகலாம். என்ன பண்ண வேண்டியதைப் பண்ணவில்லை என்று கேட்கவே மாட்டார். படையலா, அல்லது அந்த மண்ணிலேயே விட்டுவந்த புருஷனின் கருமாதியா? தெரிந்தவருக்குத் தோன்றாத கேள்வி தெரியாதவருக்குத் தோன்றலாம். இன்னொன்றும் உண்டு. நம்மவர்களுக்கு முதல் கேள்வியே 'எந்தத் தோட்டம், யாரு மக?' என்பதுதான். பெயர் மறைத்துச் சொன்னாலும் தோட்டம், கோயில், மகன் வேலை என்று மூன்று தடயம் போதும், யாரென்று பிடித்துவிடுவார்கள். ஈப்போத் தமிழ் உலகம் அத்தனை சிறியது. ரகசியம் காக்க வேண்டுமென்றால் மேற்பார்வையாளர் கொஞ்சம் தூரத்து ஊர்க்காரராக இருப்பது நல்லது; மொழி புரிய வேண்டுமென்றால் பக்கத்து ஊர்க்காரராக இருப்பது நல்லது. என்னைக் கேட்டால் முதலில் மொழி. தூரத்தை இணையக் காணொளி பார்த்துக்கொள்ளும். பினாங்கிலோ கிள்ளானிலோ சென்னையிலோ இருப்பவரிடம் தமிழிலேயே பேசலாம்.

நிபுணர் கிடைக்கவில்லை என்று கையைக் கட்டிக்கொள்ளவும் தேவையில்லை. கோவாவில் சங்காத் என்ற அமைப்பு, பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களை மனச்சோர்வு ஆலோசனைக்குப் பழக்கியது. சோதனை முடிவுகள் லான்செட் இதழில் வந்தன. அங்கே மேற்பார்வையின் பெரும்பகுதி மேலிருந்து வரவில்லை. ஆலோசகர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து, ஒருவருடைய ஒலிப்பதிவை எல்லோரும் கேட்டு, ஒரு படிவத்தில் மதிப்பெண் போட்டு, பேசித் தீர்த்தார்கள். சகாக்கள் போட்ட மதிப்பெண்ணும் நிபுணர்கள் போட்டதும் ஓரளவு ஒத்துப்போயின. பாலிண்டின் வட்டமும் ரோஜர்ஸின் தட்டும் கோவாவில் சந்தித்துக்கொண்டன என்று சொல்லலாம். ஈப்போவிலும் பெஃப்ரெண்டர்ஸ் போன்ற தன்னார்வத் தொலைபேசிச் சேவை உண்டு, தமிழ்ப்பள்ளி ஆலோசக ஆசிரியர்கள் உண்டு. நாலு பேர் மாதம் இருமுறை ஓர் அறையில் கூடுவதற்கு அரசாணை வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் இத்துறையின் பாடநூல் ஒன்றை 1989-இல் எழுதிய ஹாக்கின்ஸும் ஷோஹெட்டும் மேற்பார்வைக்கு ஓர் உவமை சொல்கிறார்கள். 1920-களில் அந்த நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஓர் உரிமைக்காகப் போராடினார்களாம்: உடம்பில் படிந்த கரியை வீட்டுக்குச் சுமந்து போகாமல், முதலாளியின் நேரத்திலேயே சுரங்க வாசலில் கழுவிக்கொள்ளும் உரிமை. ஈயமும் ரப்பரும் பார்த்த கிந்தா பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டிப்பால் நாற்றத்தை நம் அம்மாக்கள் லயத்துக் குழாயடியில், தங்கள் நேரத்தில், சோறு பொங்குவதற்கு முன்னால் கழுவினார்கள். எந்தத் துரையும் அதற்குப் பெயர் போடவில்லை. மேற்பார்வைக்கு நான் தமிழில் பெயர் வைப்பதாக இருந்தால் இந்தப் பக்கமிருந்துதான் சொல் தேடுவேன். இப்போதைக்கு 'கேட்பவரைக் கேட்பவர்' என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆலோசகரை வேலைக்கு வைத்திருக்கும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சங்கங்களும் அந்த ஒரு மணி நேரத்தைச் சம்பள நேரத்துக்குள் தர வேண்டும். ஆலோசனைக்குப் போகிறவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. முதல் நாளே கேளுங்கள்: 'உங்களைக் கேட்க யாராவது இருக்காங்களா? எந்த மொழியில அவங்ககிட்ட பேசுவீங்க?' நல்ல ஆலோசகர் இதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். முகம் சுளிப்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.